மனதைக் கல்லாக்க வேண்டாம், தங்கச்சி

கேள்வி:

வணக்கம் அக்கா. எனக்கு 26 வயது. நான் ஒரு திருநங்கை. சொந்த இடம் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். கொழும்புக்கு வந்து நாலு வருசம். வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் வேலை. முதலாளி நல்லவர்தான். ஆனால் வாடிக்கையாளர் கண்ணில் படாமல் பின்னால் பெக்கிங்கில்தான் வைத்திருக்கிறார். கூப்பிடுவதும் பழைய பெயரில்தான். எந்த டொய்லட்டுக்குப் போனாலும் பிரச்சினை, அதனால் காலையில் இருந்து தண்ணீர் குடிப்பதில்லை. போன மாதம் காலி வீதியில் பஸ்ஸில் வரும்போது இரண்டு பொடியன்கள் என்னைப் பகிடி பண்ணி வீடியோ எடுத்து டிக்டொக்கில் போட்டுவிட்டார்கள். அது தோட்டம் வரைக்கும் போய்விட்டது. அண்ணன் போன் பண்ணி, "தீபாவளிக்கு இந்தப் பக்கம் வராதே, உனக்குப் பைத்தியம், கோயிலில் கொண்டுபோய்க் கட்டிப்போடணும்" என்றான். அம்மா என் போனை எடுப்பதில்லை. அதற்குப் பிறகு நான் பஸ்ஸில் ஏறவில்லை. தெஹிவளையில் இருந்து நடந்துதான் வேலைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்கிசைக் கடற்கரையில் சந்திக்கும் என் கூட்டாளிகளிடமும் போவதில்லை. இனி யாரும் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன். பார்மசியில் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தேன், இப்போது அளவைக் கூட்டியிருக்கிறேன். சில இரவுகளில் விடியாமலே போனால் நல்லது என்று தோன்றுகிறது. யார் என்ன சொன்னாலும் உறைக்காதபடி மனதைக் கல்லாக்கிக்கொள்வது எப்படி என்று சொல்லுங்கள் அக்கா.

பெயர் வேண்டாம், தெஹிவளை

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியில் இருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

விடியாமலே போனால் நல்லது என்று தோன்றுவதும், உயிரை மாய்த்துக்கொள்ள வழி தேடுவதும் ஒன்றல்ல. ஆனால் ஆள் தனியாக இருந்து, தூக்கமும் கெட்டுப்போனால், ஒன்று மற்றொன்றாக மாற அதிக நாள் எடுப்பதில்லை. அதனால் நேராகவே கேட்கிறேன்: எப்படிச் சாகலாம் என்று யோசித்திருக்கிறீர்களா? எதையாவது எடுத்து வைத்திருக்கிறீர்களா? ஆம் என்றால் இந்தப் பதிலின் மீதியைப் பிறகு வாசிக்கலாம். இப்போதே 1926க்கு அழையுங்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு போகாது. 1333 என்ற இலக்கமும் உண்டு. எடுத்தவுடனேயே "தமிழில் கதைக்க வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். பெயர் சொல்லத் தேவையில்லை. நீங்கள் யார் என்பதை விளக்கிக்கொண்டு இருக்கவும் தேவையில்லை. "தனியாக இருக்கிறேன், பயமாக இருக்கிறது" என்று சொன்னாலே போதும்.

இல்லை, அவ்வளவு தூரம் போகவில்லை என்றாலும் ஒரு காரியம் செய்யுங்கள். அறையில் மாத்திரைகளைச் சேர்த்து வைக்காதீர்கள். இருப்பதை எடுத்துக்கொண்டுபோய்க் கல்கிசைக் கூட்டாளிகளில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கெட்ட இரவுகளில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது பெரிய விஷயம். பலர் தப்பிப் பிழைத்தது அந்த நேரத்தில் கையில் ஒன்றும் கிடைக்காததால்தான்.

இனி, மனதைக் கல்லாக்குவது பற்றி. அதை நான் உங்களுக்குச் சொல்லித் தரப் போவதில்லை. இத்தனை வருடமாக உளவளத்துணை செய்கிறேன். மரத்துப்போன மனது வசை மட்டும் உறைக்காமல் இருந்து, மற்றதெல்லாம் உறைத்ததை நான் பார்த்ததே இல்லை. பசி தெரியாமல் போகும், வலி தெரியாமல் போகும், யாராவது அன்பாகப் பேசினாலும் தெரியாமல் போகும். உங்கள் கடிதத்திலேயே அது தொடங்கிவிட்டது. தண்ணீர் குடிப்பதில்லை, பஸ்ஸில் ஏறுவதில்லை, கூட்டாளிகளிடம் போவதில்லை. இந்த மூன்றையும் தைரியம் என்று நினைத்துச் செய்கிறீர்கள். எனக்கு அவை மூன்றும் இழப்புகளாகத்தான் தெரிகின்றன. அந்தப் பொடியன்கள் எடுத்தது ஒரு வீடியோ. அதன் பின்னால் நீங்களாகவே விட்டுக்கொடுத்தவை அதைவிட அதிகம்.

இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003ஆம் ஆண்டு, சமூகம் ஒதுக்கும் மக்களின் மனச்சோர்வைப் பற்றி விளக்கமாக எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இந்த மக்கள் பலவீனமாகப் பிறந்தவர்கள் அல்லர். மற்றவர்கள் சுமக்காத ஒரு மேலதிகப் பாரத்தை நாள்தோறும் சுமக்கிறார்கள். நேரடியாக வரும் வசை ஒரு பாரம். எந்நேரமும் வசை வரப்போகிறது என்று எதிர்பார்த்து உடம்பை இறுக்கி வைத்திருப்பது இன்னொன்று. தன்னை மறைத்து வாழ்வது மூன்றாவது. கடைசியில் அவர்கள் சொல்வது உண்மைதானோ என்று தானே நம்பத் தொடங்குவது நாலாவது. உங்கள் கடிதத்தில் பஸ் முதலாவது, தெஹிவளையில் இருந்து நடக்கும் நடை இரண்டாவது, பெக்கிங் அறை மூன்றாவது. நாலாவதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் "யாரும் வேண்டாம்" என்ற முடிவுக்குப் பின்னால் அது இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

மேயர் இன்னொன்றும் சொன்னார். இந்தப் பாரத்தைக் குறைப்பதில் தன்னைப் போன்றவர்களின் கூட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்றார். தன் அனுபவத்தை விளக்காமலே விளங்கிக்கொள்ளும் ஆட்கள் வேண்டும். ஆக, நீங்கள் மருந்தைத் தூக்கி எறிந்துவிட்டு நோயைத் தாங்கப் பழகப் பார்க்கிறீர்கள். என் முழுப் பதிலும் இதைத்தான் சுற்றி வருகிறது. உங்களைக் கவனித்துக்கொள்வது தனியாகச் செய்யக்கூடிய வேலை அல்ல, உங்களுக்கு மட்டுமல்ல, எவருக்குமே அது முடியாது.

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அது பொறுத்திருக்காது.

தண்ணீர் விஷயத்தைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியில்தான் அதிக நேரம் நின்றேன். கொழும்பு வெயிலில், காற்றோட்டம் குறைந்த அறையில், அட்டைப்பெட்டி தூக்கிக் கட்டுகிற வேலை. காலை தொடங்கி இரவு கடை சாத்தும்வரை தண்ணீர் இல்லை. சிறுநீரையும் அடக்கிக்கொண்டிருப்பீர்கள். சிறுநீர்த் தொற்று வரலாம், நாளடைவில் சிறுநீரகக் கல்லும் வரலாம். அதற்கு முன்பே தலைவலி, தலைசுற்று, எரிச்சல், பின்னேரமானதும் காரணம் தெரியாத சோகம் எல்லாம் வரும். இதில் பாதியை நீங்கள் மனக்கவலை என்று நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். போகும்போது எரிகிறதா, நிறம் கடுமையாக இருக்கிறதா, முதுகின் பக்கவாட்டில் வலிக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்தக் கிழமையே வைத்தியரிடம் காட்டுங்கள்.

டொய்லட்டுக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். "பெண்கள் டொய்லட்டுக்குப் போக எனக்கு உரிமை இருக்கிறது" என்று முதல் நாளே கடையில் நின்று வாதாடச் சொல்ல மாட்டேன். உரிமை இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வாதம் முடியும்வரை உங்கள் சிறுநீரகம் காத்திருக்காது. வெள்ளவத்தைக் கடைகளில் பெரும்பாலும் மாடியில் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் பூட்டி வைக்கிற ஒரு டொய்லட் இருக்கும், முதலாளி வீட்டார் வந்தால் பாவிப்பதற்கு. அதன் திறப்பைக் கேளுங்கள். முதலாளியிடம் தனியாக, கடை திறந்தவுடன், சனம் வருவதற்கு முன்னால் கேளுங்கள்: "ஐயா, சிறுநீர்ப் பிரச்சினை வந்திருக்கு, ஒரு நாளைக்கு மூன்று தரம் மேல் டொய்லட்டைப் பாவிக்க விடுங்கோ." ஒரு வரி போதும். நல்லவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நல்லவர்கள் பலருக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது மாத்திரை. இதில் நான் கண்டிப்பாகப் பேச வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரஜன் (பெண் ஹோர்மோன்) வகை, திருநங்கைகளின் சிகிச்சைக்கு வைத்தியர்கள் இப்போது பயன்படுத்தும் வகை அல்ல. அது இரத்தம் கட்டியாவதற்கான ஆபத்தைக் கூட்டும். அளவைக் கூட்டினால் மாற்றம் சீக்கிரம் வராது, ஆபத்துத்தான் கூடும். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் மோசம். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் வைத்தியர் தவறான இடத்தில் காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

ஹோர்மோன் சிகிச்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரத்தப் பரிசோதனையோடு, அளவு பார்த்துத் தரும் வைத்தியரிடம் எடுங்கள் என்கிறேன். உங்களுக்குக் கிட்ட இருப்பது களுபோவிலை கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை. அங்கே உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலை, செலவில்லை. உளமருத்துவரிடம் ஏன் போக வேண்டும், எனக்கென்ன பைத்தியமா என்று கேட்பீர்கள், அண்ணன் சொன்ன சொல் வேறு காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பில், திருநர் நிலை மனநோய்களின் பட்டியலில் இருந்து எடுக்கப்பட்டுவிட்டது. 2022 ஜனவரியில் இருந்து அது நடைமுறையில் இருக்கிறது. உளமருத்துவரிடம் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, உங்கள் தூக்கமும் சோர்வும் இரவில் வரும் எண்ணங்களும். மற்றது, இலங்கையில் உங்கள் பெயரையும் பாலினத்தையும் ஆவணங்களில் மாற்றும் பாதை அவருடைய கையெழுத்தில் இருந்துதான் தொடங்குகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கல்கிசைக் கூட்டாளிகளுக்கு இன்றைக்கே ஒரு செய்தி அனுப்புங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். "வீடியோவுக்குப் பிறகு வெளியில் வரப் பயம். ஞாயிறு யாராவது என் இடத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போங்க." இவ்வளவுதான். நான் வருகிறேன் என்று எழுதாதீர்கள், கடைசி நிமிடத்தில் வராமல் இருக்க நூறு காரணம் கிடைக்கும். வந்து கூட்டிப்போகச் சொல்லுங்கள். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று கோபிப்பார்களோ என்று தயங்காதீர்கள். அவர்களில் யாருக்காவது இதே போல் ஒரு வீடியோவோ ஒரு போன் அழைப்போ நடந்திருக்கும். சொல்லாமலே விளங்கும்.

கொழும்பில் உங்களைப் போன்றவர்களுக்கான அமைப்புகளும் இருக்கின்றன. 2004இல் தொடங்கிய ஈக்குவல் கிரவுண்ட் இருக்கிறது, திருநர்களே நடத்தும் வெனச வலையமைப்பு இருக்கிறது. உடல்நலம், ஆலோசனை என்றால் கொழும்பு 7 புல்லர்ஸ் ஒழுங்கையில் உள்ள குடும்பத் திட்டமிடல் சங்கத்திடம் கேட்கலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இதனால்தான் ஒரு தடவை போய்விட்டு நின்றுவிடுகிறார்கள். கொழும்புக் கூட்டங்களில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில். தோட்டத்தில் இருந்து வந்த ஒரு பிள்ளை அங்கே போய் உட்கார்ந்தால், இங்கேயும் நான் விருந்தாளிதானா என்று தோன்றும். அந்த உணர்வு நியாயமானது. அதற்காக எழுந்து வந்துவிடாதீர்கள். போகும் முன்பே அழைத்து, தமிழ் பேசுகிற ஒருவர் அன்றைக்கு இருப்பாரா என்று கேளுங்கள், உங்கள் கூட்டாளிகளில் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். யாழ்ப்பாணத்திலும் கடந்த சில ஆண்டுகளாகத் திருநர்கள் அமைப்பாகக் கூடுகிறார்கள், வீதியில் இறங்கிப் பேரணியும் நடத்தியிருக்கிறார்கள். தமிழில் கதைக்க, தமிழில் கோபப்பட, தமிழில் அழ ஆட்கள் இருக்கிறார்கள் என்று அறிந்திருப்பது உங்களுக்கு உதவும்.

சமூகம் என்றால் எல்லோரும் நல்லவர்கள் என்றும் எண்ண வேண்டாம். கடன் கேட்பவர்கள் இருப்பார்கள், ஒருவர் கதையை இன்னொருவரிடம் கொண்டுபோகிறவர்கள் இருப்பார்கள், "நாங்கள் பட்டதை நீயும் படு" என்று அதிகாரம் பண்ணும் மூத்தவர்களும் உண்டு. வங்கிப் புத்தகம், அடையாள அட்டை, போன் கடவுச்சொல் இவற்றை யாரிடமும் கொடுக்காதீர்கள். நம்பிக்கையை மெதுவாகக் கொடுங்கள். ஆனால் கொடுங்கள்.

பஸ்ஸைப் பற்றி அவசரப்பட வேண்டாம். உங்கள் பயம் கற்பனைப் பயம் அல்ல, நடந்த ஒன்றின் பயம். அதனால் "துணிந்து ஏறு" என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. அதேநேரம், ஒதுங்க ஒதுங்கப் பயம் பெருக்கும். ஒரு ஞாயிறு மத்தியானம், நெரிசல் இல்லாத நேரத்தில், கூட்டாளி ஒருவரோடு இரண்டு தரிப்பிடம் மட்டும் போய் இறங்குங்கள். முன் கதவுப் பக்கம், சாரதிக்கும் நடத்துநருக்கும் பார்வை படும் இருக்கையில் இருங்கள். நெஞ்சு படபடத்தால் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுங்கள். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். இரண்டு மூன்று ஞாயிறு இப்படிப் போன பிறகு தனியாக முயற்சி செய்யலாம். ஒரு நாள் முடியாவிட்டால் அன்று ஓட்டோ பிடியுங்கள். அதைத் தோல்வி என்று எழுதி வைக்காதீர்கள். இரவில் கடை சாத்தி நீங்கள் தனியாக நடந்து வருவதுதான் எனக்குப் பஸ்ஸைவிடக் கவலை தருகிறது. நடப்பதானால் காலி வீதி வெளிச்சத்திலேயே நடங்கள், கடற்கரைப் பக்கம் போக வேண்டாம். அறைக்கு வந்ததும் ஒருவருக்கு "வந்துட்டேன்" என்று வட்ஸ்அப்பில் போடும் வழக்கத்தை வையுங்கள். அவர் உங்களுக்கும் போடட்டும்.

வீடியோவை நீங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் என்றும் வாசிக்கிறீர்கள். போதும். கூட்டாளி ஒருவரிடம் போனைக் கொடுத்து, அந்தப் பதிவின் இணைப்பு, போட்டவரின் கணக்குப் பெயர், திகதி, எழுத்துகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துச் சேமிக்கச் சொல்லுங்கள். சேமித்த பிறகுதான் டிக்டொக்கில் புகார் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் நீக்கிவிட்டால் உங்களிடம் ஆதாரம் இருக்காது. இணையத்தில் துன்புறுத்தப்படுவோருக்கு உதவும் ஹிதவதி என்ற சேவை இலங்கையில் இருக்கிறது. பதிவை நீக்க அவர்கள் வழிகாட்டுவார்கள். இந்த வேலை முடிந்ததும் கருத்துகளை வாசிக்கும் வேலை உங்களுக்கு இல்லை.

பொலிஸில் முறைப்பாடு கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. இந்த ஊரில் திருநங்கை ஒருவர் பொலிஸ் நிலையப் படி ஏறத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. திருநங்கையாக இருப்பதையோ சல்வார் போட்டு வீதியில் நடப்பதையோ எந்தச் சட்டமும் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் 1841ஆம் ஆண்டு நாடோடிகள் கட்டளைச் சட்டத்தையும், தண்டனைச் சட்டக் கோவையில் ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவையும் காட்டித் திருநர்களை மிரட்டிய கதைகள் நிறைய உண்டு. தமிழ்ப் பெயரும் ஹட்டன் விலாசமும் சேர்ந்தால் கேள்விகள் கூடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால் போவதானால் தனியாகப் போகாதீர்கள், அமைப்பு ஒன்றின் ஆளோடு போங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பொலிஸ்காரர் உட்பட அரச உத்தியோகத்தர் யாராவது உங்களை இழிவாக நடத்தினால், இழிவாக நடத்துவதைத் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையும், சமத்துவம் தரும் 12ஆம் உறுப்புரையும் உங்களுக்கும் உரியவை. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் இலக்கம் 1996. அழுது முடித்துப் பார்க்கலாம் என்று இருந்து அந்த மாதத்தை இழந்தவர்கள் பலர், நீங்கள் அப்படி இழக்க வேண்டாம்.

ஆவணம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 2016இல் இருந்து இலங்கையில் பாலின அங்கீகாரச் சான்றிதழ் கிடைக்கிறது. உளமருத்துவர் அதைக் கொடுப்பார். ஒரே நாளில் கிடைக்காது, சில தடவை போக வேண்டியிருக்கும். அதைக் கொண்டு பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்ற விண்ணப்பிக்கலாம். பிறகு ஆட்பதிவுத் திணைக்களத்தில் அடையாள அட்டை. இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி இருக்கிறது. நம் அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பாலினம் ஒளிந்திருக்கிறது. பிறந்த ஆண்டுக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கம், ஆண்டின் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே பெயரும் படமும் மாறினால் மட்டும் போதாது, இலக்கத்தையும் கவனியுங்கள். வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி, சிம் அட்டை என்று பழைய இலக்கம் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு கொப்பியில் இப்போதே எழுதத் தொடங்குங்கள். விண்ணப்பம் நிரப்பவும் கூடவே அலையவும் அமைப்புகளில் அனுபவப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இந்த அலைச்சலைத் தனியாக எடுத்துப் பாதியில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஆவணம் வரும்வரை பெயருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2018இல் அமெரிக்காவில் திருநர் இளையோரிடையே நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. வீடு, பள்ளிக்கூடம், வேலைத்தளம், நண்பர்கள் என்று எத்தனை இடங்களில் ஒருவரைத் தான் தெரிந்தெடுத்த பெயரால் கூப்பிடுகிறார்களோ, அந்த அளவுக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைவாக இருந்தன. உங்களுக்கு நண்பர்கள் என்ற ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது, போகாமல் விட்டிருக்கிறீர்கள். கடையை இரண்டாவது இடமாக்கப் பார்க்கலாம். முழுக் கடையும் வேண்டாம். பெக்கிங்கில் உங்களோடு நிற்கும் ஒருவரிடம், தேநீர் குடிக்கும்போது, "என்னை இந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவீங்களா" என்று கேளுங்கள். ஒருவர் கூப்பிடத் தொடங்கினால் மற்றவர்களுக்கும் வாயில் வரும். முதலாளி இதை வாசித்தால் அவருக்கும் ஒன்று சொல்ல ஆசை: ஐயா, அந்தப் பிள்ளையைப் பின்னால் ஒளித்து வைத்துக் காப்பாற்றுவதாக நினைக்காதீர்கள். ஒரு சேலையை விரித்துக் காட்டிப் பேசுகிற வேலைக்கு அவர் எந்த விதத்திலும் குறைந்தவர் அல்ல. யாராவது வாடிக்கையாளர் முகம் சுளித்தால், "இவர் எங்கட பிள்ளை" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கடையில் பாதிப் பிரச்சினை அன்றோடு முடியும்.

வீட்டைப் பற்றி. அண்ணனோடு இப்போது வாதாட வேண்டாம். கோயிலில் கட்டிப்போடுவேன் என்று சொல்லும் ஒருவர் இருக்கும் வீட்டுக்கு, அவர் கூப்பிட்டாலும் தனியாகப் போக வேண்டாம். "அம்மாவுக்குச் சுகமில்லை, உடனே வா" என்று அழைப்பு வந்தால், வேறு ஓர் உறவினரிடமோ அயல் வீட்டிலோ கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே புறப்படுங்கள். இப்படிப் பொய் சொல்லிக் கூப்பிட்டு வீட்டில் பூட்டி வைத்த சம்பவங்கள் எனக்குத் தெரியும். போகத்தான் வேண்டும் என்றால் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குப் பேசுவீர்கள் என்று கூட்டாளியிடம் சொல்லிவிட்டு, அடையாள அட்டையையும் திரும்பி வரும் பணத்தையும் உடம்போடு வைத்துக்கொண்டு போங்கள்.

அம்மா போனை எடுக்காததை, அம்மா வெறுக்கிறார் என்று மொழிபெயர்க்காதீர்கள். ஒரு லயத்துக் காம்பராவில், மகன் பக்கத்தில் இருக்க, அயல் வீடெல்லாம் அந்த வீடியோவைப் பார்த்திருக்க, உங்கள் பெயர் திரையில் வரும்போது எடுக்கும் தைரியம் அவருக்கு அன்று இல்லாமல் இருக்கலாம். அண்ணன் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அழையுங்கள், அல்லது அம்மாவோடு கொழுந்து பறிக்கும் ஒரு சித்தியின் போனுக்கு அழையுங்கள். எடுத்தால் வீடியோவைப் பற்றியும் அண்ணனைப் பற்றியும் பேச வேண்டாம். சாப்பிட்டீர்களா, முழங்கால் எப்படி, மழை விட்டதா என்று கேளுங்கள். நீங்கள் நலமாக வேலை செய்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு வையுங்கள். எடுக்காவிட்டால் அடுத்த கிழமையும் அதே நேரத்தில் முயலுங்கள், ஒரு நாளில் பல தரம் அல்ல. அம்மா மாறுவாரா என்பதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. சில அம்மாக்கள் ஒரு வருடத்தில் வந்திருக்கிறார்கள், சிலர் பத்து வருடம் எடுத்தார்கள், சிலர் வரவே இல்லை. அவர் வரும்வரை உங்கள் தீபாவளி காத்திருக்கத் தேவையில்லை. கல்கிசைக் கூட்டாளிகளில் இன்னும் எத்தனை பேருக்கு வீட்டுக்குப் போக வழியில்லை என்று கேட்டுப் பாருங்கள். ஓர் அறையில் சேர்ந்து சமையுங்கள்.

இந்தக் கிழமைக்கு மூன்று காரியம் போதும்: கூட்டாளிகளுக்குச் செய்தி, மேல் டொய்லட்டின் திறப்பு, களுபோவிலை கிளினிக்கில் ஒரு திகதி. வைத்தியர் பார்க்கும்வரை மாத்திரையின் அளவைக் கூட்டுவதை நிறுத்துங்கள். கிளினிக் திகதி கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். கூட வர யாரும் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள், ஆள் ஏற்பாடு செய்யலாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா